ஊர் ஏரியை வகுப்பறை ஆக்குவது எப்படி: நீர்க்கல்வி மையத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கழுவெளி ஏரிப் பக்கத்து ஊர்களில் ஏரியோரமாக ஒரு கொட்டகையோ பழைய பள்ளிக் கட்டடமோ கிடைத்து, அதை நீர்க்கல்வி மையமாக மாற்றலாம் என்று இறங்குகிறவர்கள் வழக்கமாக முதலில் செய்வது சுவருக்கு வண்ணம் அடிப்பதும், ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டுவதும், புரொஜெக்டருக்கு நன்கொடை தேடுவதும்தான். அந்தப் பணத்தையும் ஆள்பலத்தையும் வெளியே செலவழியுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மழை விழும் மேட்டிலிருந்து மதகு வரைக்கும் பிள்ளைகள் நடந்துபோக ஒரு பாதை, வழியில் அவர்களே அளந்து பார்க்க ஐந்தாறு இடங்கள், உட்கார நிழல், குடிக்கத் தண்ணீர், கதவு ஒழுங்காகச் சாத்துகிற கழிப்பறை. இவ்வளவு இருந்தாலே மையம் நன்றாக நடக்கும். கட்டடம் மெதுவாக வரட்டும்.

கழுவெளியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்தை ஒட்டிய இந்த நீர்ப்பரப்பு, பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேற்கே இருக்கும் செம்மண் மேட்டில் விழுகிற மழை, ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு, அது நிரம்பி அதற்கடுத்த ஏரிக்கு என்று இறங்கி வந்து கழுவெளியில் சேர்ந்து, எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகிறது. மேட்டு நிலம், செம்மண் ஓடை, சங்கிலி ஏரிகள், வயல், உவர்நீர், உப்பளம், கடல் எல்லாமே ஒரு நாள் பயணத்துக்குள் வந்துவிடுகிற இடம் இது. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பிள்ளைகளுக்கு முழுதாகக் காட்ட இதைவிட வசதியான இடம் தேடுவது கஷ்டம். உங்கள் ஊர் வேறு பக்கம் இருந்தாலும் முறை இதேதான், மண்ணும் மரமும்தான் மாறும்.

முதலில் நடங்கள்

கையில் ஒரு நோட்டு, வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பார்த்து வரைந்துகொண்ட கிராம வரைபடம், கூடவே ஊரில் ஏரி விவகாரம் தெரிந்த பெரியவர் ஒருவர். நீர்க்கட்டி வேலை (ஏரித் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துத் திறந்துவிடுவது) பார்த்தவரோ அவர் வீட்டுப் பிள்ளைகளோ இன்னும் ஊரில் இருந்தால் அவர்தான் உங்கள் முதல் ஆசிரியர். ஏரியிலிருந்து தொடங்காதீர்கள். வரத்து வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள், தண்ணீர் எந்த மேட்டில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிகிறதோ அதுவரைக்கும். அங்கிருந்து திரும்பிக் கீழே இறங்கி உள்வாய் (கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் பரப்பு), கரை, மதகு, கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் இடம், அப்படி வழிவதைத்தான் ‘கோடி போவது’ என்பார்கள்), ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் வயல்கள்), அடுத்த ஏரிக்குப் போகும் உபரிநீர் வாய்க்கால் என்று வரிசையாகப் பாருங்கள்.

பெரியவரிடம் பொதுவாக "ஏரி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "அந்தக் காலத்துல நல்லாயிருந்துச்சு" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். "தாத்தா, கடைசியா எந்த வருஷம் ஏரி கோடி போச்சு? கோடி போனா எந்த ஊர் ஏரிக்குப் போகும்? எத்தனை மதகு இருந்துச்சு, இப்போ எது திறக்குது? வாய்க்கால்ல எந்த இடத்துல எப்பவும் அடைச்சுக்கும்?" இந்த நாலு கேள்விக்குக் கிடைக்கும் பதிலே உங்கள் முதல் பாடத்திட்டம். பெண்களிடம் தனியாகப் போய்க் கேளுங்கள். எந்தக் கிணறு எந்த மாதம் உப்புக் கரிக்க ஆரம்பிக்கும், மாட்டுக்குத் தண்ணீர் எங்கே காட்டுவார்கள், கோரை எங்கே அறுப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

கோடையில் ஒருமுறை, நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் ஒருமுறை, இரண்டு நடையும் கட்டாயம். வறண்ட வாய்க்காலைப் பார்த்து வரைந்த வரைபடத்தை மழை பெரும்பாலும் திருத்திவிடும்.

அனுமதி

இதில் சோம்பல்படாதீர்கள். 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத்துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். சரணாலய எல்லைக்குள் கால் வைக்கும் எந்த நடைக்கும் வனத்துறையிடம் கேட்டாக வேண்டும். கரையில் ஒரு பலகை நடுவதானாலும், வண்டல் எடுப்பதானாலும், சீமைக்கருவேலத்தை அகற்றுவதானாலும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். "நல்ல காரியம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று தொடங்கிய வேலை பாதியில் நின்றால், அப்புறம் ஊரைத் திரட்டுவது இரண்டு மடங்கு சிரமம்.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. உங்கள் திட்டத்தை அங்கே வைத்துத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். பிள்ளைகள் அளந்த கணக்கைப் பிள்ளைகளே எழுந்து வாசித்தால் ஊர் காது கொடுத்துக் கேட்கிறது.

அளக்கும் இடங்கள்

மையத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மழைமானியில் ஆரம்பியுங்கள். அடியிலிருந்து மேல் வரை ஒரே அகலமாக இருக்கிற எந்தப் பாத்திரமும் போதும், வளைவு நெளிவு உள்ள குடிநீர் பாட்டில் வேண்டாம். மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில், காற்றில் சாயாதபடி ஒரு குச்சியோடு கட்டி வையுங்கள். வானிலைத் துறை காலை 8.30 மணிக்குத்தான் ஒரு நாளின் மழையைக் கணக்கெடுக்கிறது. நீங்களும் அதே நேரத்தில் எடுத்தால் உங்கள் எண்ணைச் செய்தியில் வருகிற எண்ணோடு ஒப்பிடலாம், பிள்ளைகளுக்கு அது பெரிய உற்சாகம். சதுர மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். ஆனால் ஊர்ப் பிள்ளைக்குச் சதுர மீட்டரைவிட சென்ட் நன்றாகப் புரியும். ஒரு சென்ட் நிலத்தில் 1 மி.மீ. பெய்தால் ஏறக்குறைய 40 லிட்டர், ஏக்கருக்கு 4,000 லிட்டரைத் தாண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் பதிவானது. அந்த மழையில் 10 மீட்டருக்கு 5 மீட்டர் கொட்டகையின் கூரையில் மட்டும் எவ்வளவு விழுந்திருக்கும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். 25,000 லிட்டர் வரும். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் இரண்டு! இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளை அடுத்த மழைக்குக் கூரையைப் பார்க்கும் பார்வையே வேறு. (கனமழை நாளில் ஒரு சாண் பாத்திரம் நிரம்பி வழிந்துவிடும். இடையிடையே அளந்து, எழுதிவிட்டுக் கொட்ட ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.)

அடுத்தது மண் தொட்டி. எனக்கு மிகவும் பிடித்த பாடம், செலவும் குறைவு. 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்றைப் படுக்க வைத்து மேல்பக்கத்தை நீளவாக்கில் வெட்டிவிடுங்கள். மூன்றிலும் அதே ஊர் மண்ணை, வாய்ப் பக்கம் வரை ஒரே அளவுக்கு இட்டு லேசாக அமுக்குங்கள். ஒன்றில் அருகம்புல் நட்டு மூன்று நாலு வாரம் முன்பிருந்தே தண்ணீர் விட்டு வளர்த்திருக்க வேண்டும், ஒன்றின் மேல் காய்ந்த சருகு பரப்பியிருக்கும், மூன்றாவது வெறும் மண். மூன்றையும் வாய்ப் பக்கம் சற்றுத் தாழ்வாக ஒரு பலகை மேல் சாய்த்து வைத்து, வாய்க்குக் கீழே ஆளுக்கொரு கண்ணாடிப் பாட்டில். இப்போது மூன்று பிள்ளைகள் மூன்று பூவாளியில் ஒரே அளவு தண்ணீரை ஒரே நேரத்தில் ஊற்றட்டும். வெறும் மண் கேனிலிருந்து தண்ணீர் உடனே வந்துவிடும், டீ டிக்காஷன் நிறத்தில். சருகுக் கேன் தாமதமாக, கொஞ்சம் பழுப்பாக விடும். புல் கேன் முதலில் ஒன்றுமே தராமல் இருந்துவிட்டு அப்புறம் சொட்டுச் சொட்டாக, ஏறக்குறைய தெளிவாக விடும். எதையும் நீங்கள் விளக்க வேண்டாம். "ஏரி எந்தப் பாட்டில் மாதிரி இருந்தா நல்லது?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் அந்தப் பாட்டில்களை அசையாமல் ஜன்னலில் வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும், வண்டல் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும், களிமண் அடுத்த நாளும் கலங்கலாகவே நிற்கும். ஏரி ஏன் தூர்ந்துபோகிறது என்பதற்கு ஜன்னலில் இருக்கும் அந்த ஒரு பாட்டில் போதும், தனியாகப் படம் வேண்டியதில்லை.

மூன்றாவது, மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் குடிக்கிறது என்று பார்ப்பது. ஆறு அங்குல பி.வி.சி. குழாய் ஓர் அடித் துண்டு, அல்லது அடி வெட்டிய பெயின்ட் டப்பா. மண்ணில் இரண்டு அங்குலம் அடித்து இறக்கி, ஒரு லிட்டர் ஊற்றி, செல்போனில் நேரம் பாருங்கள். வண்டி போகிற பாதையில் ஒன்று, மரத்தடியில் ஒன்று, மேய்ச்சல் தரையில் ஒன்று. பாதையில் அரை மணி நேரமானாலும் நிற்கிற தண்ணீர், புங்க மரத்தடியில் சில நிமிஷத்தில் காணாமல் போகும். செம்மண் மேட்டில் இது பளிச்சென்று தெரியும். இந்த எண்களை வரைபடத்தில் இடத்துக்கு இடம் எழுதிவிட்டால் எங்கே வரப்பு போடணும், எங்கே மரம் வைக்கணும் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற நாட்களில் எலுமிச்சம்பழம் ஒன்றை மிதக்கவிட்டுப் பத்து மீட்டர் கடக்க எத்தனை விநாடி என்று பாருங்கள். வேகத்தை வாய்க்காலின் அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கி, மேல்மட்டத் தண்ணீர் எப்போதும் சற்று வேகமாகப் போகும் என்பதால் அதில் 0.85 பங்கு எடுத்தால், விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஏரிக்குள் போகிறது என்று தோராயமாகத் தெரிந்துவிடும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஏரிக்குள் ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி தண்ணீர் நின்றால் சுமார் 12.3 லட்சம் லிட்டர் என்பதையும் சொல்லிவிடுங்கள், அளவுகோலில் ஓர் அடி ஏறியது என்றால் என்ன என்று அப்போதுதான் உறைக்கும். அந்த அளவுகோல் மதகின் சுவரிலேயே பெயின்டில் அடித்த அடிக்கணக்காக, அனுமதியோடு, கரையிலிருந்து படிக்கிற மாதிரி இருக்கட்டும். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

கிணற்றுக்கு ஒரு கயிறு, முனையில் கல், முழத்துக்கு முழம் முடிச்சு. மாதம் ஒருமுறை, அதே தேதியில், அதே கிணறு. கூடவே தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். கடலோரம் என்பதால் இங்கே இந்தக் கருவி நிறையப் பேசும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் விரும்பத்தக்க அளவு, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. பிள்ளைகள் வீட்டுக் கிணற்றிலிருந்தும் குழாயிலிருந்தும் பாட்டிலில் கொண்டுவந்து, மழைநீரோடு வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: இந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. எண் குறைவாக இருக்கிறதே என்று யாரும் ஏரித் தண்ணீரைக் குடித்துவிடக் கூடாது.

மேட்டைச் சரிசெய்வது

நீர்வடிப் பகுதி வேலையில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒரு வரிசை உண்டு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. மேலே மண்ணைப் பிடிக்காமல் கீழே தூர்வாரினால் சில மழைக்காலங்களில் ஏரி பழையபடி ஆகிவிடும். ஆகவே மையத்துக்கு எவ்வளவு சின்ன இடம் இருந்தாலும் அதன் மேட்டுப் பக்கத்தில் ஒரு சம உயர வரப்பை, அதாவது சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் போகும் வரப்பை, பிள்ளைகளை வைத்தே போடுங்கள்.

சம உயரம் கண்டுபிடிக்கக் கருவி வாங்க வேண்டாம். ஆளுயர மூங்கில் இரண்டு, நடுவில் குறுக்குக் கழி ஒன்று, உச்சியிலிருந்து கல் கட்டித் தொங்கும் நூல். இரண்டு காலையும் தரையில் ஊன்றி நூல் குறுக்குக் கழியில் தொடும் இடத்தைக் குறியுங்கள். இடக்கால் இருந்த இடத்தில் வலக்கால், வலக்கால் இருந்த இடத்தில் இடக்கால் வருமாறு திருப்பி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே இருக்கும் இடம்தான் மட்டம். அப்புறம் ஒரு காலை நிலைநிறுத்தி, மறு காலை நூல் நடுக்குறிக்கு வரும் வரை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டே போனால் சரிவின் குறுக்கே ஒரு வளைந்த கோடு கிடைக்கும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு முளைக்குச்சி. நேராக இருக்கும் என்று எதிர்பார்த்த கோடு நெளிந்து நெளிந்து போவதைப் பார்த்துப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள், விட்டுவிடுங்கள், பார்க்கட்டும். அந்தக் கோட்டில் வரப்பு, வரப்பின் மேல் அரை அடிக்கு ஒன்றாக வெட்டிவேர் நாற்று.

மரம் என்று வந்தால் இந்தப் பகுதிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களைத் தேடுங்கள்: காசான், வீரை, பாலை, வெப்பாலை, நாவல். இந்தக் காடு எப்படி இருக்கும் என்று பார்க்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்கு ஒரு காலை நேரம் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். 1968-ல் மரமே இல்லாத, மழை அரித்த செம்மண் மேடாக இருந்து, வரப்பும் தடுப்பும் மரமுமாகக் காடான ஆரோவில்லும் பக்கத்தில்தான், அதையும் சேர்த்துப் பார்த்தால் கோயில் காட்டில் பார்த்த மரங்கள் அங்கே திரும்ப வந்திருப்பதும் புரியும். ஏரிக்கரை மேல் மட்டும் கண்டதை நடாதீர்கள். பெரிய மரத்தின் வேர் காய்ந்து உளுத்தால் அந்த வழியாகவே கரையில் தண்ணீர் கசியத் தொடங்கும். கரைக்குப் பனை, சல்லிவேர்க்காரன். விதையைப் பத்தடிக்கு ஒன்றாக, மழைக்கு முன் புதைத்துவிட்டால் போதும்.

சீமைக்கருவேலம் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். வெட்டினால் தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும், பெரிய மரங்களுக்கு இயந்திரமும் அனுமதியும் தேவை. மையத்தால் செய்ய முடிந்தது, மழை முடிந்த ஈரத்தில் முளைத்து நிற்கிற கன்றுகளைக் கையால் பிடுங்குவது. ஆடு மாடு காயைத் தின்று விதையைப் பரப்புகிறது என்பதால் மேய்ப்பவர்களையும் அந்த நாளுக்குக் கூப்பிடுங்கள். பறவை கூடு கட்டியிருக்கும் மரம் எந்த மரமானாலும் குஞ்சு பறக்கும் வரை கை வைக்கக் கூடாது.

உட்காரவும் பாதுகாப்பாகத் திரும்பவும்

பதினோரு மணி வெயிலில் செம்மண் மேட்டில் நின்று யாரும் எதையும் கற்க மாட்டார்கள். காலை ஏழிலிருந்து ஒன்பதரை, அல்லது மாலை நாலுக்கு மேல். நடைபாதையில் இருநூறு முந்நூறு அடிக்கு ஒரு நிழல், நிழலில் கல் திண்ணை. பெயர்ப்பலகைக்குக் கடப்பாக்கல் வெட்டி எழுதுங்கள். ஃப்ளெக்ஸ் ஒரு கோடையில் வெளுத்து, கிழிந்து, வாய்க்காலில்தான் போய்ச் சேரும். பலகையில் நாலு வரிக்கு மேல் வேண்டாம், அதில் ஒரு வரி கேள்வியாக இருக்கட்டும்.

கழிப்பறை இல்லாத மையத்துக்குப் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் இரண்டாவது முறை வரமாட்டார்கள். யாரும் காரணம் சொல்லவும் மாட்டார்கள், வருகை மட்டும் குறையும். மற்ற எந்தச் செலவுக்கும் முன்னால் இது. உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி, சரிவில் கீழ்ப்பக்கம் இருக்கட்டும், அந்த ஏற்பாட்டையே ஒரு பாடமாகக் காட்டலாம்.

ஏரிக்கரை நடை என்றால் பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். வண்டல் எடுத்த குழி மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் மாதிரி இருக்கும், அடுத்த அடியில் ஆளை முழுக்கும். எந்த இடத்தில் குழி என்று ஊர்க்காரரைக் கேட்டு, தண்ணீர் நிறையும் முன்பே கொடி நட்டு வையுங்கள். காற்றடித்த லாரி டியூப் ஒன்றும் நீளக் கயிறும் எப்போதும் கரையில் இருக்க வேண்டும். காலில் மூடிய செருப்பு அல்லது ஷூ, காலில் புண் இருக்கும் பிள்ளைக்குச் சேற்றுப் பக்கம் வேலை கிடையாது. இடிச் சத்தம் காதில் விழுந்த நிமிஷம் நடை முடிந்தது, கட்டடத்துக்குள் திரும்பிவிட வேண்டும், எந்த மரத்தடியிலும், குறிப்பாகப் பனை மரத்தடியில், ஒதுங்கவே கூடாது. பாம்பு கடித்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது, அங்கே விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஒரு வருடம் எப்படி ஓடும்

கோடையில் வரைபடமும் வரப்பும், காய்ந்த உள்வாயில் நடையும். ஆடி, ஆவணியில் பனை விதை பொறுக்குவது, வாய்க்காலில் குப்பை எடுப்பது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும், அதற்குள் மழைமானியும் மண் தொட்டியும் தயாராக இருக்க வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தினமும் அளவு. பொங்கலுக்கு முன்னும் பின்னும் பறவை பார்க்கப் போகலாம், கழுவெளியில் பூநாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் காணக் கிடைக்கும், பைனாகுலர் இரண்டு இருந்தால் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பிப்ரவரி 2 சதுப்புநில நாள், மார்ச் 22 கிராம சபை. இடையில் ஒரு நாள் திருவக்கரைக்குக் கூட்டிப் போங்கள். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன அடிமரங்கள் மணற்பாறைக்குள் கிடக்கின்றன. ஒரு காலத்தில் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்ட மரங்கள் அவை, அந்த மணற்பாறை அடுக்குதான் இந்தக் கடலோரத்தின் நிலத்தடி நீரைத் தாங்கி நிற்கிறது என்று அங்கேயே உட்கார்ந்து சொல்லலாம்.

கடைசியாக, அளவு நோட்டு. மழை, கிணறு, மதகு மட்டம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கெட்டி அட்டை நோட்டு, தேதி, நேரம், எண், எழுதியவர் பெயர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுதினால் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கூட நிற்க வேண்டும், அடுத்த வருடம் அவள் எழுதுவாள். மாதக் கடைசியில் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஊராட்சி செயலாளருக்கும் பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் அனுப்பிவிடுங்கள். மையத்தின் சாவி ஊருக்குள் இருக்கும் ஒருவரிடமே இருக்கட்டும், வெளியூரிலிருந்து வாரம் ஒருநாள் வருகிற உங்களிடம் வேண்டாம், ஏனென்றால் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்க்கப் போகிற பிள்ளைக்குக் கதவு திறந்திருக்க வேண்டும்.